படத்தைப் பார்த்துப் பாடம் வாசிக்கும் பிள்ளைகள்

இந்த முறை காமர்ஸ் கிடையாது, ஏலக்காய் விலையும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்பது பற்றி ஒரு கட்டுரை. "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வகுப்புத் தோழிகள் கேட்பீர்கள். காரணம் எங்கள் தெருவில் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பெண். மூன்றாம் வகுப்பு. அவளுடைய அம்மா விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டித்தான் திரும்புவார். அதனால் சாயங்காலம் அவள் எங்கள் வீட்டில்தான். ஒருநாள் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கடகடவென்று ஒரு பாடம் வாசித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். விளையாட்டாகப் பக்கத்தைக் கையால் மூடினேன். அவள் நிறுத்தவே இல்லை, வாசித்துக்கொண்டே போனாள்! நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி "இது என்ன?" என்றேன். முழித்தாள். "அக்கா, பாடம் தெரியும். இந்த எழுத்துதான் தெரியாது" என்றாள்.

சிரிப்பு வந்தது. ராத்திரி அவள் அம்மா வந்து, "எம்புள்ள நல்லா வாசிக்குதுல்ல தாயி?" என்று கேட்டபோது சிரிப்பு போய்விட்டது. அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் வாசிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா என்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் ஆளே இல்லை.

தப்பு பிள்ளை மேல் இல்லை என்பது என் கருத்து. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் அரிச்சுவடி அட்டையைப் பாருங்கள். அ - அம்மா. பிள்ளைக்குத் தெரிந்தது 'அ' மட்டும்தான். 'ம்', 'மா' இரண்டும் தெரியாது. பிறகு எப்படி வாசிக்கும்? படத்தைப் பார்த்து "அம்மா" என்று சொல்லும், நாமும் கை தட்டுவோம். முதல் நாளிலிருந்தே எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கப் பழக்குவது நாம்தான்.

இதற்கு மாற்று உண்டு. பிள்ளைக்கு எந்த எழுத்துகளின் ஒலி தெரியுமோ, அந்த எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய குட்டிப் புத்தகங்கள். இங்கிலாந்தில் 2006-ல் ஜிம் ரோஸ் கொடுத்த அறிக்கை, ஒலிகளை வரிசையாகக் கற்பிக்க வேண்டும் என்றது. 2014-ல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பாடத்திட்டம், பிள்ளை கற்ற ஒலிகளுக்கு ஏற்ற புத்தகங்களையே வாசிக்கக் கொடுக்கச் சொல்கிறது. இத்தனைக்கும் ஆங்கிலம் சி-யு-டி 'கட்', பி-யு-டி 'புட்' என்று ஏமாற்றும் மொழி!

தமிழ் அவ்வளவு ஏமாற்றாது. 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வல்லமாக வரும், 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப' மெலியும். 'கங்கை' மாதிரி வெளியிலிருந்து வந்த சில சொற்களை விட்டால், எழுத்து நிற்கும் இடத்தை வைத்தே ஒலியைச் சொல்லிவிடலாம். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ப, ட, ம, ய நாலும், கால், மேல்விலங்கு, புள்ளி மூன்றும் போதும். நான் நோட்டுத் தாளை மடித்து எழுதிய முதல் "புத்தகம்" இதோ:

மாடிப்படி. படபட, மடமட.
பாட்டி! மாமா!
பாப்பா, பாடமா? மிட்டாயா?
மிட்டாய்! மிட்டாய்!

இலக்கியம் இல்லைதான் :-) ஆனால் படமே இல்லாமல், விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அவள் வாசித்தாள். கடைசி வரியில் அவளே சிரித்தாள். மனப்பாடம் செய்த பாடத்தில் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தபோது, 'அ'வில் தொடங்கி வரிசையாகப் போகவில்லை. 'பட்டா' போன்ற, வாழ்க்கைக்கு வேண்டிய சொற்களிலிருந்து எழுத்துகளைப் பிடித்தார்கள். நான் ஒன்றாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்து அட்டைகளோடு படித்த செயல்வழிக் கற்றல், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். 2023-ல் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் அழகான சிறு புத்தகங்களைக் கொடுத்தது. நான் கேட்பது 'நுழை'வதற்கும் முன்னால் ஒரு படி. 'எட்டிப் பார்' என்று பெயர் வைக்கலாமே!

"இப்படிப் புத்தகம் கொடுத்தால் கதை ருசியே போய்விடுமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், இது சில மாதங்களுக்கு மட்டும். கூடவே நல்ல கதைகளை நாம் வாசித்துக் காட்ட வேண்டும். கதை காதுக்கு, குட்டிப் புத்தகம் கண்ணுக்கு. காமர்ஸ் வகுப்பில் முதல் நாளே ஒரு பெரிய கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பை நீட்டினால் நாமும் மனப்பாடம்தானே செய்திருப்போம்? பற்று, வரவு என்று ஒவ்வொன்றாகத்தானே வந்தோம்!

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கடை போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். "மி...ட்...டாய்". அந்தச் சொல்லை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. பக்கத்தில் படமும் இல்லை.

உங்கள் தெருவிலும் புத்தகத்தை மூடினாலும் வாசிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். கையால் மூடிப் பாருங்கள். பிறகு ஒரு நோட்டுத் தாளை மடியுங்கள்.