பனிக்கோளும் நூல்கண்டும்

"துப்பாக்கி பொம்மை வீட்டுக்குள் வரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லும் தாய்மார்களில் நீங்களும் ஒருவரா? அப்படியானால் டென்மார்க் தேசத்து லெகோ கம்பெனியார் உங்கள் கட்சி. 1932-ல் ஒரு தச்சர் தொடங்கிய ஸ்தாபனம் அது. இக்காலத்து ராணுவ ஆயுதங்களை அசல்போலச் செய்வதில்லை என்று விரதம் பூண்டவர்கள். ஆனால் 1999-ல் 'ஸ்டார் வார்ஸ்' சினிமா பொம்மைகளைச் செய்யத் தொடங்கினார்களே! பெயரிலேயே யுத்தம் இருக்கிறது. வேற்றுக் கிரகத்துச் சண்டையானால் விரதபங்கம் இல்லை போலும்!

2016-ல் வந்த 'ஹாத்' போர்க்களப் பெட்டியில் 2,144 துண்டுகள். 1980-ல் வெளிவந்த படத்தில் வரும் பனிக்கோள் அது. வெண்பனி மேடு, பதுங்கு குழி, பீரங்கி எல்லாம் உண்டு. எதிரியின் நாலுகால் இயந்திர யானையை மட்டும் தனியாக வாங்க வேண்டும்! (பர்ஸைப் பத்திரப்படுத்துங்கள்.) படத்தில் ஒரு யானையை, சின்னஞ்சிறு விமானம் கால்களைச் சுற்றிச் சுற்றி வடத்தால் கட்டிக் குப்புறத் தள்ளுகிறது. ஆகவே தையல் பெட்டியில் நூல்கண்டைக் காணோமென்றால் பையனை அதட்டாதீர்கள்.

அந்தச் சண்டையில் நல்லவர்கள் ஜெயிப்பதில்லை. தங்கள் ஜனங்கள் கப்பலேறித் தப்பும்வரை எதிரியைத் தாமதப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து, "முதலில் யாரைக் கப்பலில் ஏற்றினாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.