எர்த் கம்பிக்கும் ஓர் உபயகாரர் வேணும்

ஓம் சரவணபவ. 

தைப்பூசத்துக்கு முன்னால கோயில் வளாகத்தில் வைஃபை போடணும்னு பேச்சு நடக்குது. ஆண்டெனா வாங்கித் தர உபயகாரர்களும் முன்வந்திருக்காங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா வேலை தொடங்கும் முன்னே தொண்டர்கள் நாங்க எங்க கருத்தைச் சொல்லிடுறோம்.

முதல்ல மின்னல். மலேசியாவில் இடி மின்னலுக்குக் குறைச்சலே இல்லை. ஆண்டெனா மேலேயே விழணும்னு இல்லைங்க. பக்கத்துல விழுந்தாலே கேபிள் வழியா வந்து ஆபீஸ் ரௌட்டர் வரைக்கும் எரிச்சிடும். போன மழைக்காலத்தில் நம்ம கேமராக்கள் போனது இப்படித்தான். அதனால கம்பத்துக்கு முறையான எர்த், கேபிளின் இரண்டு முனையிலும் சர்ஜ் ப்ரொடெக்டர், வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிள், எல்லாம் கண்டிப்பா வேணும். எர்த் வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்யணும். பெட்டியில் சிரிம் முத்திரை இருக்கான்னும் பாருங்க. நாங்க வேலை செய்யும் தொழிற்சாலையில் எர்த் இல்லாம ஒரு மெஷினும் ஓடாது. கோயிலுக்கு மட்டும் வேண்டாமா?

இரண்டாவது, இடம். கோபுரம்தான் உயரம், அதிலேயே மாட்டிடலாம்னு சிலர் சொல்றாங்க. வேண்டாங்க. கும்பாபிஷேகம் கண்ட கோபுரத்தில் துளை போடுவது முறையல்ல. துளை வழியா தண்ணி இறங்கினா சுதைச் சிற்பமும் கெட்டுப்போகும். அன்னதான மண்டபம் 100 மீட்டருக்கு அப்பால் இருக்கு. அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண நெட்வொர்க் கேபிள் சரிவராது. ஆபீஸ் பக்கம் ஒரு தனிக் கம்பம், மண்டபத்துப் பக்கம் ஒன்று, இரண்டு ஆண்டெனாவும் நேருக்கு நேர் பார்க்கணும். நடுவில் மரக்கிளை இருந்தா வெட்டிவிடணும். மழையில் நனைஞ்ச இலை சிக்னலைக் குடிச்சிடும்.

மூன்றாவது, யாருக்கு? பக்தர்களுக்கு இலவச வைஃபை கொடுத்தா நல்லதுதானேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா ஒரு ஆண்டெனாவின் வேகத்தை அதில் சேர்ந்த எல்லா போனும் பங்கு போட்டுக்கும். கூட்டத்தில் எல்லாரும் வீடியோ அனுப்பினா, அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டரில் கியூஆர் கட்டணம் நின்னுடும். கைதவறிய பிள்ளையைத் தேடும் நேரத்தில் கேமரா படம் வராது. அதனால கவுண்டருக்கும் கேமராவுக்கும் முதலில் தனி இணைப்பு, தனி பாஸ்வர்ட். பெட்டியோடு வரும் பாஸ்வர்டை மாட்டுற அன்னைக்கே மாத்திடணும். பக்தர்களுக்கான வைஃபையைத் திருவிழா முடிஞ்ச பிறகு நிதானமா யோசிக்கலாம்.

ஆண்டெனா வெளியே தெரியும், உபயப் பலகையில் பேர் வரும். எர்த் கம்பி மண்ணுக்குள்ள போயிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா இடி இடிக்கிற ராத்திரியில் மற்ற உபயத்தை எல்லாம் காப்பாத்துவது அதுதான். மண்ணுக்குள்ள போகும் அந்த உபயத்தை ஏற்க விருப்பம் உள்ளவங்க ஆலய அலுவலகத்தில் பேர் கொடுங்க. நிர்வாகமும் இந்த வேலையை முதல் செலவாகப் போடணும்னு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

முருகா சரணம்.