நகப்பூச்சும் நம் முற்போக்கும்

நகத்துக்கு நிறம் தீட்டுவது முற்போக்கா, பிற்போக்கா என்றொரு விவாதம் அண்மைக்காலமாக நம்மிடையே தலைகாட்டி வருகிறது. விவாதம் என்று கூறுவதும் பொருந்தாது. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. "வேலையின்மையும் விலைவாசியும் மக்களை வாட்டும் நாட்டில் விரல் நுனியில் பூப்போட்டுக்கொண்டிருப்பது முதலாளித்துவச் சீரழிவன்றி வேறென்ன?" என்று கேட்கிறார்கள் நம் நண்பர்கள் சிலர். பாடசாலை நிர்வாகிகளும் ஊர்ப் பெரியவர்களும் அதே நகத்தை வேறொரு பிரம்பால் அடிக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒழுக்கக்கேடு. புரட்சி பேசுவோரும் பழமை பேசுவோரும் வேறெந்தப் பிரச்சினையிலும் ஒன்றுபடாதவர்கள். ஆனால், பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் பத்து நகங்களைக் கண்டதும் ஒன்றுபட்டுவிடுகிறார்கள்! இந்த விசித்திரமான ஒற்றுமையே நமக்கு ஐயத்தைத் தரவேண்டும்.

நாம் கூற வருவது இதுதான்: வீட்டிலே தன் கையாலும் தோழியின் கையாலும் நகத்தை அழகுபடுத்திக்கொள்ளும் பெண் நமது எதிரியல்லள். அவளுடைய கலையைப் பண்டமாக்கி, அப்பண்டத்துள் இருப்பது இன்னதென்பதையும் மறைத்து விற்கும் வணிகமும், அவளுடைய கைக்கு உரிய கூலியைக் கொடுக்க மறுக்கும் அமைப்புமே எதிரிகள். எதிரியை விட்டுவிட்டுச் சிறுமியின் விரலைப் பிடித்து முறுக்குவது முற்போக்காகாது.

பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் வீதியில் உள்ள கெலிஓயா பெரிய நகரமன்று. ஒரு புகையிரத நிலையம், ஒரு கடைத்தெரு, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் குடியிருப்புகள். இங்கே விடுமுறைக்கு முந்திய இரவுகளில் நடப்பதைக் கண்டித்து முழங்குவோர், அதை ஒருமுறையேனும் அருகிருந்து பார்த்ததுண்டா? முதலில் பழைய நிறத்தைத் துடைத்தெடுக்கிறார்கள். பின்னர் மெல்லிய ஒரு பூச்சு. அது காயும்வரை பொறுமை. அதன்மேல் இன்னொரு பூச்சு. அதன் பிறகுதான் சித்திரம் தொடங்குகிறது. கொண்டை ஊசியின் உருண்டை முனையை நிறத்தில் தோய்த்து ஐந்து புள்ளிகளை வட்டமாக வைத்து, நடுவில் ஒரு புள்ளி இட்டால் அது பூ. ஒட்டுநாடாவை மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒட்டி, மேலே நிறம் பூசி உரித்தெடுத்தால் பிசகாத நேர்கோடு. பஞ்சுறிஞ்சியின் துண்டொன்றில் இரண்டு நிறங்களை அடுத்தடுத்துத் தடவி ஒற்றினால், ஒன்று மற்றொன்றுள் கரைந்து அந்திவானம் போலாகிவிடுகிறது. ஈர்க்கில், தீக்குச்சி, ஊசிமுனை: இவையே தூரிகைகள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வலக்கையால் இடக்கைக்குத் தீட்டிவிடலாம். வலக்கைக்கு யார் தீட்டுவது? அக்காவோ அயல்வீட்டுத் தோழியோ வந்தாக வேண்டும். ஆகவே, இது தற்பெருமைக்காரி ஒருத்தி தனித்திருந்து செய்யும் காரியமன்று. பெரும்பாலும் இருவர் கூடி நிறைவேற்றும் கலை. பெருநாளுக்கு முந்திய இரவில் மருதோன்றி அரைக்கும் வீட்டில் இந்தக் கூட்டுறவு இன்னும் விரிவடைகிறது. இலை பறிப்பவர் ஒருவர், அம்மியில் அரைப்பவர் ஒருவர், தேயிலைச் சாயமும் தேசிக்காய்ச் சாறும் கலப்பவர் ஒருவர். இலையிலுள்ள லோசோன் என்னும் பொருள் நகத்தின் கெரற்றினோடு பிணைந்துவிடுகிறது. நகம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்ந்து, சிவந்த பகுதியை மெல்ல மெல்ல முன்னே தள்ளும்வரை அந்தப் பெருநாள் விரலில் தங்கியிருக்கிறது.

முற்றத்துக் கோலத்தை நாட்டார் கலையென்று போற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறோம். அதே புள்ளியும் அதே கோடும் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் வந்து அமர்ந்தால் முகம் சுளிப்பதேன்? மேனாட்டு மோகம் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே மாதவியின் ஒப்பனையில் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டிய அடியும் இடம்பெறுகிறது. மேனாட்டிலிருந்து வந்தது புட்டிதான்; ஆசை இங்கேயே இருந்தது.

நகத்துக்கும் கலைக்கும் உள்ள உறவை அறிய நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கண்டிக்கு வடக்கே, மாத்தளை மாவட்டத்தின் ஹபுவித என்ற கிராமத்தில் அரக்கு வேலைக் கலைஞர்கள் வாழ்ந்து வந்துள்ளனர். நிறமேற்றிய அரக்கை நெருப்பில் இளக்கி நூல்போல இழுத்து, மரத்தின்மீது பொருத்தி, பெருவிரல் நகத்தால் நறுக்கிச் சித்திரம் அமைப்பது அவர்களது முறை. சிங்களத்தில் அதன் பெயரே 'நியபொத்து வெட', அதாவது நகவேலை. உளியுமில்லை, தூரிகையுமில்லை, நகமே கருவி. கண்டிச் சீமையின் இத்தகைய கைவினைகளை ஊரூராகச் சென்று கண்டு, 1908ஆம் ஆண்டில் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலாக ஆக்கியவர் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அந்நூல் அச்சான கையச்சுப் பொறி முன்னர் வில்லியம் மொரிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் இயங்கியது. மொரிஸ் யார்? இங்கிலாந்தின் சோஷலிச முன்னோடிகளில் ஒருவர். சிலருக்கு மட்டும் கலை, பலருக்கு வெறும் உழைப்பு என்ற பிரிவினையே ஒரு சமூகத்தின் நோய் என்று வாதாடியவர். கைக்கும் அழகுக்கும் உள்ள உறவை முதலாளித்துவம் அறுத்தது என்பதுதான் அவரது குற்றச்சாட்டு. அந்த அறுந்த நூலைச் சிறுமிகள் தம் விரல் நுனியில் முடிந்துகொண்டிருக்கும்போது, மொரிசைப் படித்தவர்களே கத்தரிக்கோலுடன் வருவது விந்தையிலும் விந்தை!

"இருந்தாலும் இது ஆடம்பரந்தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 2022ஆம் ஆண்டு நல்ல சான்றாகத் தோன்றும். அந்நியச் செலாவணி வற்றிப்போன அவ்வாண்டு ஓகஸ்டில் அரசாங்கம் 300 வகைப் பொருள்களின் இறக்குமதியை இடைநிறுத்தியது. வாசனைத் திரவியமும் சாம்பூவும் சொக்கலேற்றும் அப்பட்டியலில் இருந்தன. நல்லது. ஆனால், அந்தச் செலாவணியை ஈட்டித் தந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் யார்? தேயிலை ஏற்றுமதி ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கு மேல் இந்நாட்டுக்கு ஈட்டித் தந்து வந்திருக்கிறது. அந்த டொலர் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிறந்தது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட நாள்முதல், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளும் வேலை அவ்விரு விரல்களையே நம்பியிருக்கிறது. கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறது. நகவிளிம்பிலும் தோலின் வெடிப்பிலும் கறையாய்ப் படிகிறது. தொழிற்சாலையில் தேயிலையைக் கறுப்பாக்குவதும் இதே வேதிமாற்றந்தான். சவர்க்காரம் அதை எளிதில் வெல்லாது. உலகச் சந்தையில் அக்கறுப்புக்கு விலை உண்டு. விரலில் படிந்த கறுப்புக்கு வெட்கம் மட்டுமே உண்டு! அந்த விரல்களுக்குரிய நாட்கூலி 1,000 ரூபாவை எட்டுவதற்குப் பல ஆண்டுப் போராட்டம் நடத்தி 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தது. அதையும் முழுமையாகப் பெற, விதித்த நிறைக்குக் கொழுந்து சேர்த்தாக வேண்டும், குறைந்தால் அரைப்பேர்.

இந்த வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் மகள் தன் நகத்தில் ஒரு சிவப்பு இட்டுக்கொள்கிறாள். அவள் அதற்குச் செலவிட்டது சில ரூபாவும் ஒரு மாலைப் பொழுதும். அதன் பொருளை நாம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். "என் கை கூடை நிரப்பும் கருவி மட்டுமன்று, அது என்னுடையது" என்பதே அதன் பொருள். தலைமுறை தலைமுறையாக ஒரு வர்க்கத்தின் கைகளை நிறுவைத் தராசின் ஓர் உறுப்பாகவே கண்டுவந்த சமூகத்தில் இது சிறிய கூற்றன்று. இதை ஆடம்பரமென்று கூறுபவர், தொழிலாளிக்கு அழகு தேவையில்லை என்ற துரைமாரின் பழைய கொள்கையையே புதிய சொற்களில் பேசுகிறார்.

ஆகவே, நகப்பூச்சு வணிகத்துக்கு நாம் வக்காலத்து வாங்குகிறோம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அந்த வணிகத்தின் முகத்தை இனிப் பார்ப்போம். நம்மவர் வாயில் நகப்பூச்சின் பெயரே 'கியூட்டெக்ஸ்'. 1911இல் அமெரிக்காவில் நகவோரத் தோலை நீக்கும் திரவமொன்றுக்கு இடப்பட்ட வணிகப் பெயர் அது. இன்று நமக்குப் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. மோட்டார் வண்டிகளுக்கு மினுக்கம் தந்த நைத்திரோசெல்லுலோசுதான் புட்டியினுள்ளும் இருந்து நகத்துக்கு மினுக்கம் தருகிறது. தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது நீர் நகத்தில் படவேண்டும் என்பதால் முஸ்லிம் பெண்கள் பலர் பூச்சைத் தவிர்த்து மருதோன்றியை நாடினர். சந்தை அதையும் விடவில்லை. நீரும் காற்றும் ஊடுருவும் பூச்சு என்று ஒன்றைத் தயாரித்து அவர்களிடமும் வந்தது. பக்தியும் அதற்கு ஒரு வாடிக்கையாளரே.

இப்போது வந்திருப்பது ஊதாக்கதிர் விளக்கின் கீழ் இறுகும் 'ஜெல்' பூச்சு. அழகு நிலையத்தில் மட்டுமிருந்த அது, சிறு பெட்டியாக வீட்டுக்கும் விற்கப்படுகிறது. முழுமையாக இறுகாத மெதக்கிரிலேற்றுகள் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். உண்டானால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும். அவற்றுள் ஹீமா எனப்படும் ஒன்றை 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் தொழில் பயின்றோரே நகத்தில் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டெம்பரில் அங்கே அழகுசாதனங்களிலிருந்தே விலக்கியது. மருதோன்றிக்கும் இக்கதி நேர்ந்திருக்கிறது. அம்மியில் ஓரிரவு அரைத்ததைச் சில நிமிடங்களில் கறுப்பாக்கித் தருகிறேன் என்று வரும் 'கறுப்பு மருதோன்றி'யில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய பரபினைலின் இருஅமீன் கலக்கப்படுவதுண்டு. அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும்.

இவற்றையெல்லாம் கெலிஓயாச் சிறுமி எங்கே படித்து அறிவாள்? அவள் வாங்கும் மலிவான புட்டியின் சிறிய சீட்டில் தமிழும் இருப்பதில்லை, சிங்களமும் இருப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேனும் 'அழகுசாதனப் பொருள்' என்ற சொல் முதலில் நின்றது. அதன் இடத்துக்கு வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் அச்சொல்லே இல்லை. நண்பர்களே, போராட வேண்டிய இடம் இது! புட்டியுள் இருப்பதை மூன்று மொழியிலும் எழுது என்று வணிகனிடம் கேட்க வாய்வராதவர்கள், விரலை நீட்டு என்று சிறுமியிடம் கேட்கிறார்கள்.

அழகு நிலையத்தில் கூலிக்கு நகம் தீட்டும் பெண்ணையும் நாம் மறந்துவிடலாகாது. 1975இல் கலிபோர்னியாவிலிருந்த அகதி முகாமில் நடிகை டிப்பி ஹெட்ரன் தம் நகக்கலைஞரை அழைத்து வந்து இருபது வியட்நாமியப் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்பித்தார். அகதிகளுக்கு அது சோறு போட்டது. அந்நாட்டின் நகத்தொழிலில் பெரும்பங்கு வியட்நாமியர் கைக்கு வந்தது. ஆனால், 2015இல் 'நியூயோர்க் டைம்ஸ்' வெளியிட்ட விசாரணை மற்றொரு பக்கத்தைக் காட்டியது. வேலைக்குச் சேரவே பணம் கட்டி, தொடக்கத்தில் சம்பளமின்றி உழைத்து, நாள்முழுதும் இரசாயன ஆவியைச் சுவாசித்த குடியேறிய பெண்களின் கதை அது. ஒரே கலை, தோழியின் விரலைப் பற்றும்போது விளையாட்டு. முதலாளியின் மேசைக்கு வரும்போது சுரண்டல். குற்றம் நிறத்தில் இல்லை; உறவில் இருக்கிறது.

இறுதியாக, ஆசிரியர்களாகிய நம்மவர்க்கு ஒரு சொல். காலைக் கூட்டத்தில் நகப் பரிசோதனை நடக்கிறது. நாம் அங்கே தேடுவது அழுக்கையா, ஒழுக்கத்தையா? அழுக்கையெனில், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொதுவே. நறுக்கு வெட்டியும் சவர்க்காரமும் கொடுத்தால் போதும். நோயாளியைத் தொடும் தாதியர் செயற்கை நகம் அணியலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்ததற்குக் காரணம் கிருமி. அது அறிவு. சிவந்த நகத்தைக் கண்டதும் பெண்ணின் நடத்தையை வகுப்பின் முன் விசாரிப்பது அறிவன்று. அது நிலப்பிரபுத்துவத்தின் எச்சம்.

அந்தப் புட்டியையே வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். கரைப்பான் ஆவியாகிப் படலம் எஞ்சுவதும், அசற்றோன் அதை மீண்டும் கரைப்பதும் இரசாயனப் பாடம். ஒரு வணிகப் பெயர் பொருட்பெயரானது மொழிப் பாடம். ஹபுவிதக் கலைஞனின் நகம் சித்திரப் பாடம். கொழுந்து கிள்ளும் விரலும் அதன் கூலியும் வரலாற்றுப் பாடம். இத்தனை பாடங்களையும் விரல் நுனியில் ஏந்தி நிற்கும் மாணவியை வெயிலில் நிறுத்துவது கல்வியாகுமா?

உழைக்கும் கைக்கு உணவு வேண்டும், நியாயமான கூலி வேண்டும், நஞ்சில்லாத பொருள் வேண்டும். அதே கைக்கு அழகும் வேண்டும். முன்னவற்றுக்காகப் போராடுவோர் பின்னதைப் பழிப்பாராயின், அந்தக் கைகள் அவர்களை நம்பி உயர்வதெங்ஙனம்? நிறம் தீட்டிய கையும் முட்டி மடக்கும். அதை நம் பக்கம் அழைத்துக்கொள்வதே நமது கடன்.