சீட்டுக்கட்டும் செயற்கைப் பஞ்சமும்

சீட்டுக்கட்டைப் பொதுமக்களின் பொருளாக்கியது அச்சுக்கலையே. 1377இல் புளோரன்ஸ் நகர ஆட்சியாளர் சீட்டாட்டத்துக்குத் தடை விதித்தனர். எனவே 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அவ்வாட்டம் ஐரோப்பாவிற் பரவத் தொடங்கிவிட்டமை தெளிவு. அடுத்த நூற்றாண்டில் மிலான் நகரக் கோமக்களான விஸ்கொன்ரி, ஸ்போர்சா குடும்பத்தினருக்காகப் பொற்றகடு பதித்துக் கையால் தீட்டப்பட்ட சீட்டுகள் இன்றும் நூதனசாலைகளிற் காணப்படுகின்றன. அவற்றை வைத்திருக்கக் கோமகனால் மட்டுமே முடிந்தது. ஆனால் அதே நூற்றாண்டில் மரக்கட்டையிற் செதுக்கி அச்சிடும் முறை பரவியதும், கோமகன் கையிலிருந்த பொருள் மதுச்சாலை மேசைக்கும் போர்வீரன் பைக்கும் வந்து சேர்ந்தது. ஒன்றைப் பலவாக்குதலே அச்சின் இயல்பு. அதுவே அதன் பெருமையுமாகும்.

அந்த அச்சையே கொண்டு பலவாகக்கூடியதைச் சிலவாக்கி, மலிவாகக் கிடைக்கக்கூடியதை அரிதாக்கி விற்கும் ஒரு வாணிகம் இன்று மேலைநாடுகளில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், வளர்ந்துள்ளது. "வரையறுத்த பதிப்பு" என்பது அதன் மந்திரச்சொல். எண்ணிட்ட முத்திரைத்தாள், பல கட்டுகளை ஒன்றாகப் பிணைத்த தொகுதி, பணம் செலுத்தும் இறுதிக் கணத்தில் வெளிப்படும் அனுப்புசெலவு ஆகிய மூன்றும் அதன் கருவிகள். சீட்டுக்கட்டுச் சேகரிப்போரின் மனக்குறை பெரும்பாலும் இம்மூன்றையும் பற்றியதே. இவை வெவ்வேறு குறைகள்போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே: பொருளின் மெய்யான விலையை வாங்குவோனுக்கு மறைத்தல்.

இவ்வாணிகம் தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். 1867இல் சின்சினாட்டி நகரில் ஓர் அச்சகமாகத் தொடங்கிய நிறுவனம் 1881இற் சீட்டுக்கட்டுகளை அச்சிடத் தலைப்பட்டது. 1885இல் அது வெளியிட்ட 'பைசிக்கிள்' என்னும் வகை உலகெங்கும் அறிமுகமானது. பின்னர் ஐக்கிய அமெரிக்கச் சீட்டுக்கட்டுக் கம்பனி எனப் பெயர்பெற்ற அந்நிறுவனம் 2009இற் கென்டக்கி மாநிலத்து எர்லாங்கருக்கு இடம்பெயர்ந்து, 2019இற் பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி நிறுவனத்தின் உடைமையாயிற்று. நெடுங்காலம் இத்தகைய பெருநிறுவனங்கள் வெளியிட்டவையே சந்தையிற் கிடைத்தன. 2009இற் கிக்ஸ்டார்ட்டர் முதலிய நிதிதிரட்டும் தளங்கள் தோன்றியபின் தனி ஓவியன் ஒருவன் தன் வரைவைக் காட்டி, வாங்க விரும்புவோரிடம் முற்பணம் பெற்று, தன் கட்டைத் தானே வெளியிடும் வாய்ப்பு ஏற்பட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஓவியனுக்கும் ஆர்வலனுக்கும் இடையே இருந்த சுவர் இடிந்தது. ஆனால் இடிந்த சுவரின் கற்களைக் கொண்டே புதிய சுவர் எழுப்பப்பட்டமைதான் வருந்தத்தக்கது.

அருமை இருவகைப்படும். காலத்தால் விளையும் அருமை ஒன்று. கணக்கிட்டு விளைவிக்கும் அருமை மற்றொன்று. முன்னதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வட லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்டக்கூடமான 'ஜெரீஸ் நகெற்' 1970இல் அச்சிடுவித்த சீட்டுக்கட்டு. அது அக்கூடத்தின் அன்பளிப்புப் பொருட்கடையில் மலிவு விலைக்கு விற்கப்பட்டது. அதனை அச்சிட்டோர் அரும்பொருள் ஒன்றைப் படைப்பதாக எண்ணினரல்லர். கட்டுகள் ஆடப்பட்டன, தேய்ந்தன, எறியப்பட்டன. எஞ்சியவற்றின் வழுவழுப்பைச் செப்படி வித்தைக்காரர் புகழ, ஒரு கட்டின் விலை நூற்றுக்கணக்கான டொலராக உயர்ந்தது. 2019இல் அதன் மறுபதிப்பும் பொதுமக்கள் நிதியால் வெளிவந்தது. இங்கே அருமை என்பது பயன்பாட்டின் எச்சம். பலர் ஆடித் தீர்த்ததனாலேயே சிலவே எஞ்சின.

இன்றைய வரையறுத்த பதிப்போ பிறக்கும்போதே அரிதாகப் பிறக்கின்றது. அதன் அருமைக்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் உண்டா? 52 சீட்டுகளும் இரு கோமாளிச் சீட்டுகளும் வேறிரண்டும் சேர்ந்து 56 சீட்டுகள் ஒரே தாளில் அச்சாகிப் பின்னர் வெட்டப்படுதல் பொதுவான முறை. வரைவுக்கும் அச்சுத்தகட்டுக்கும் பொறியை ஆயத்தப்படுத்துவதற்கும் ஆகும் செலவு முதற்கட்டுக்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. அதன்பின் அச்சாகும் ஒவ்வொரு கட்டும் முன்னையதைவிட மலிவானது. ஆகவே எண்ணிக்கையைக் குறைத்தல் செலவைக் குறைக்கும் வழியன்று. விலையை ஏற்றும் வழியே. மேலும், அதே ஓவியம் சிவப்பில் ஒரு பதிப்பு, கறுப்பில் ஒரு பதிப்பு, விளிம்பிற் பொன்பூசி ஒரு பதிப்பு, பெட்டியிற் பளபளப்புத் தகடு ஒட்டி ஒரு பதிப்பு எனப் பல உடை மாற்றி வருகின்றது. ஒரே ஆள் நான்கு சட்டையுடன் வந்து நான்கு பேருக்குரிய கூலி கேட்பது போன்றதே இது.

முத்திரையின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் 1711ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சீட்டுக்கட்டொன்றுக்கு ஆறு பென்ஸ் தீர்வை விதிக்கப்பட்டது. 1765 முதல் இஸ்கோப்பன் ஆசை அரசின் முத்திரை அலுவலகமே அச்சிட்டது. தீர்வை செலுத்தியமைக்கு அதுவே சான்று. அந்த ஆசைப் போலியாக அச்சிட்ட குற்றத்துக்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவன் 1805இல் மரணதண்டனை பெற்றான். அத்தீர்வை 1960இலேதான் முற்றாக நீக்கப்பட்டது. கொடிய வரிதான், எனினும் அதன் அளவு சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது, அது சென்று சேர்ந்த இடமும் வெளிப்படை. இன்று பெட்டியின் வாயில் ஒட்டப்படும் எண்ணிட்ட முத்திரையும் ஒரு வரியே. ஆனால் அதன் அளவை விதிப்பவன் வணிகன். கணக்கைப் பார்ப்பவனும் வணிகன். ஆயிரத்துள் இது நானூறாவது என்று அந்தத் துண்டுத்தாள் கூறும்போது, ஆயிரத்துக்குமேல் அச்சாகவில்லை என்பதற்குச் சாட்சி யார்? அதே வரைவு அடுத்த ஆண்டு வேறொரு நிறத்தில் வாராது என்பதற்கு உறுதி எது? அரசனின் முத்திரையைப் பொய்யாக்கியவன் தூக்குமேடை ஏறினான். வணிகன் தன் வாக்கையே பொய்யாக்கினாலோ அதற்குப் பெயர் 'இரண்டாம் பதிப்பு'.

அடுத்தது தொகுதி. பல கட்டுகளைச் சேர்த்து வாங்கினால் விலை குறையும் என்பது எக்கடையிலும் உள்ள வழக்கம். அதிற் குறைகாண வேண்டியதில்லை. ஆனால் சேகரிப்போன் தேடும் அந்த ஒரு கட்டுத் தனியே கிடைக்காது, அவன் விரும்பாத ஐந்து கட்டுகளோடும் ஒரு நாணயத்தோடும் மரப்பேழையோடும் சேர்ந்தே கிடைக்கும் என்று விதிக்கும்போது சலுகை கட்டாயமாகின்றது. அரிசி வேண்டுமாயின் விற்காத உளுந்தையும் எடுத்தேயாக வேண்டும் என்று பஞ்சகாலத்து வியாபாரி சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? அங்கே பஞ்சம் மழை பொய்த்ததனால் வந்தது. இங்கே வியாபாரியே அதைப் படைத்தான் என்பதுதான் வேறுபாடு.

தொகுதியின் தீமை அனுப்புசெலவில் முழுமை பெறுகின்றது. பெட்டியுடன் ஒரு கட்டு ஏறத்தாழ 100 கிராம் நிறையுடையது. அது சிறுபொதியாகத் தபாலிற் செல்லக்கூடியது. உலகத் தபால் ஒழுங்கிற் சிறுபொதியின் உச்சநிறை 2 கிலோகிராம். பன்னிரண்டு கட்டுகளும் பேழையும் பாதுகாப்பு அட்டைகளும் சேரும்போது அவ்வெல்லை எளிதிற் கடக்கப்படும். தனியார் தூதஞ்சல் நிறுவனங்களோ நிறையை மட்டுமன்றிக் கனவளவையும் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரிற் பெருக்கி 5000ஆல் வகுப்பது பெருவழக்கு. 30 சென்ரிமீற்றர் நீளமும் 20 அகலமும் 20 உயரமுங் கொண்ட பெட்டியில் ஆறு கட்டுகளே இருப்பினும் அது 2.4 கிலோகிராமாகவே கொள்ளப்படும். வாங்குவோன் வெற்றிடத்துக்கும் கட்டணம் செலுத்துகின்றான்.

அனுப்புசெலவு முழுவதும் விற்போரின் சூழ்ச்சி என்று கூறுதல் நீதியன்று. ஐக்கிய அமெரிக்கத் தபால் சேவை 2007 மே மாதத்தில் வெளிநாடுகளுக்கான மலிவான கப்பல்வழித் தபாலை நிறுத்தியது. அதனோடு, காத்திருந்தாவது குறைந்த செலவிற் பெறலாம் என்ற வழி அடைபட்டது. 1874இற் பேர்ன் நகரில் உருவான உலகத் தபாற் சங்கம் 2019 செப்ரெம்பரில் ஜெனீவாவிற் கூடியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் சிறுபொதிகளுக்கான கட்டணத்தைப் பெறும் நாடுகள் தாமே உயர்த்த இடமளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையான பொதிகளுக்கு இருந்த பெறுமதி சேர் வரி விலக்கை 2021 ஜூலை 1இல் நீக்கியது. ஐக்கிய அமெரிக்காவும் 800 டொலர் வரையான பொதிகளுக்கு வழங்கிய தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. இவை விற்போரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை.

ஆயின் அவர்களது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை இல்லையா? 15 டொலர் கட்டுக்கு 30 டொலர் அனுப்புசெலவு எனக் கொள்வோம். அந்த 30 டொலரை முதற்பக்கத்திற் காட்டாது, பெயரும் முகவரியும் எழுதி முடிந்தபின் இறுதியிற் காட்டுவது எந்தத் தபாற் சங்கத்தின் விதி? கட்டுக்கு ஒரு விலை கூறி நிதி திரட்டி, ஓராண்டு கழித்துத் தபாற் கட்டணத்தைத் தனியே கேட்பது எந்த நாட்டுச் சட்டம்? ஒரே பெட்டியில் அனுப்பக்கூடியதை இருமுறை அனுப்பி இருமுறை கட்டணம் பெறுவது யாருடைய கட்டளை? உள்நாட்டானுக்கு இலவசம் என விளம்பரம் செய்யும்போது அந்த இலவசத்தின் செலவு கட்டின் விலையிலேயே அடங்கியிருக்கின்றது. அவ்வாறாயின் நைரோபியிலோ கொழும்பிலோ வாழும் சேகரிப்போன் அமெரிக்கனின் தபாற் செலவையும் தன் தபாற் செலவையும் சேர்த்தே செலுத்துகின்றான் என்பது யாருக்கும் புலப்படுவதில்லை.

"வாங்குமாறு எவரையும் வற்புறுத்தவில்லை, விரும்பாதவர் விலகலாம்" என்பது இதற்குத் தரப்படும் வழக்கமான விடை. மேற்போக்காக நோக்குமிடத்து இது நியாயமாகவே தோன்றும். சீட்டுக்கட்டு சோறன்று. ஆயினும், விலகுவதற்குச் சிந்திக்க நேரம் வேண்டும். குறித்த நாழிகையில் விற்பனை திறந்து, சில நிமிடங்களில் முடிந்துவிடும் எனப் பறையறைந்து, எஞ்சிய எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதைக் கண்முன் காட்டும் ஏற்பாட்டின் நோக்கமே அந்நேரத்தைப் பறிப்பதுதான். சிந்திக்க விடாமற் செய்துவிட்டுச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

எனினும் சேகரிப்போரும் குற்றமற்றவரல்லர். வாங்கிய கட்டை உறை பிரிக்காது அடுக்கிவைத்து, நாளை விலை ஏறும் என நம்பி இருப்போர் ஓவியத்தை நேசிப்பவரல்லர், எண்ணை நேசிப்பவர். உறைக்குள் இருக்கும் சீட்டின் வழுவழுப்பையோ வெட்டின் செம்மையையோ ஓவியத்தின் நயத்தையோ அவர்கள் அறியார். விலையைக் குறைகூறிக்கொண்டே இரண்டிரண்டாக வாங்குவோர் இருக்கும்வரை வணிகன் தன் போக்கை மாற்ற வேண்டிய தேவை யாது? 1972இல் நிறுவப்பட்ட சர்வதேசச் சீட்டுக்கட்டுச் சங்கம் சீட்டுகளின் தோற்றம், வடிவம், அச்சுமுறை, ஆட்டவிதி ஆகியவற்றை ஆய்வதைத் தன் பணியாகக் கொண்டது. சேகரித்தல் அறிவின் ஒரு துறையாதல் கூடும் என்பதற்கு அது சான்று. அறிவுக்காகச் சேகரிப்போனுக்கு ஆடித் தேய்ந்த ஒரு கட்டும் ஆவணமாகும். ஊகவாணிகனுக்கோ உறை கிழிந்தால் அது குப்பை.

வேண்டப்படுபவை மிகச் சில. எண்ணிட்ட பதிப்பை வெளியிடுவோர் மொத்த எண்ணிக்கையையும், இனி வரவுள்ள நிறமாற்றங்களையும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். தொகுதியில் உள்ள ஒவ்வொரு கட்டும் தனியேயும் விற்கப்படல் வேண்டும். அனுப்புசெலவு, விலையின் அருகிலேயே, நாடுவாரியாகக் காட்டப்படல் வேண்டும். எண்ணிட்ட பதிப்போடு, எவரும் எப்போதும் வாங்கக்கூடிய எண்ணற்ற பொதுப்பதிப்பு ஒன்றும் இருத்தல் வேண்டும். இவற்றால் எந்த ஓவியனும் வறியனாகான். தன் கலையின் பெறுமதி ஒரு துண்டுத்தாளின் இலக்கத்தில் இல்லை என்று நம்பும் ஓவியன் இவற்றுக்கு அஞ்சவும் மாட்டான்.

இவற்றை வணிகர் தாமாகத் தரமாட்டார். கொள்வோர் மறுத்தாலன்றிக் கொடுப்போர் மாறார் என்பது சந்தையின் பழைய விதி. செயற்கைப் பஞ்சத்தை நிவாரணத்தாற் போக்க இயலாது. அதனைப் பஞ்சமென்று ஏற்க மறுப்பதே அதனைப் போக்கும் வழி. மரக்கட்டை அச்சு கோமகன் கையிலிருந்து மீட்டுத் தந்த பொருளை மீண்டும் பேழைக்குட் பூட்டிவைக்க இடமளிப்பதா, மேசைமீது விரித்து ஆடுவதா என்பதை முடிவுசெய்ய வேண்டியோர் அதனை வாங்குவோரே.