கூட்டாக உரம் வாங்குவது ஏன்?

விவசாயிகள் ஒன்றுசேர்ந்து இடுபொருள் வாங்குவது விலை குறையும் என்பதற்காகத்தான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மைதான். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை ரூ.266.50 என்று மத்திய அரசே நிர்ணயித்திருக்கிறது. ஒருவர் வாங்கினாலும் நூறு பேர் வாங்கினாலும் மூட்டையில் அச்சிட்ட விலை அதுவே. அப்படியானால் லாபம் எங்கே?

முதலில் வண்டிக்கூலி. 2 ஏக்கர் நெல் நடுபவர் அடியுரத்துக்கு ஏக்கருக்கு 1 மூட்டை டி.ஏ.பி. வீதம் 2 மூட்டை வாங்குகிறார். அவரைப் போல 10 பேர் சேர்ந்தால் 20 மூட்டை, அதாவது 1 டன். மானிய உரத்துக்கு ஒவ்வொருவரும் கடையில் ஆதார் காட்டிக் கைரேகை வைக்க வேண்டியிருப்பதால், பத்துப் பேரும் ஒரே நாளில் போய்வருவது நல்லது. சரக்கு ஒரே வண்டியில் வந்துவிடும். வேப்பம் புண்ணாக்கு, நுண்ணூட்டக் கலவை போன்றவற்றில் பேரம் பேசவும் இடமுண்டு.

இதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. கடன் சொல்லி வாங்குகிறவர் ரசீது கேட்கக் கூசுகிறார். யூரியா கேட்டால், "இந்தத் திரவ உரத்தையும் எடுத்துக்கொள்" என்று கடைக்காரர் தள்ளிவிடுவதை அவரால் மறுக்க முடிவதில்லை. இப்படிச் செய்யக்கூடாது என்று அரசு பலமுறை எச்சரித்தும் இது நின்றபாடில்லை. விதை முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடம் காட்ட ரசீதும், குவியல் எண் உள்ள அட்டையும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் பேச்சு எங்கே எடுபடும்? ரொக்கத்துக்கு மொத்தமாக வாங்குகிற குழுவுக்கு இந்தக் கூச்சம் இல்லை. பத்துப் பேருடைய வியாபாரம் கைவிட்டுப் போகும் என்றால் கடைக்காரரும் யோசிப்பார்.

தமிழக அரசு 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவுக்குப் பண்ணைக் கருவிகள் வாங்க ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தரப்பட்டது. பவர் டில்லர் வந்ததோடு குழுவின் வேலை முடிந்தது என்றிருப்பது சரியல்ல. டில்லர் ஒருமுறை வாங்குவது. உரமும் விதையும் போகத்துக்குப் போகம் வாங்குவது.

குழு உடைவதும் கடனால்தான். "அறுவடைக்குப் பின் தருகிறேன்" என்று இந்தப் போகத்தில் ஒருவர் சொன்னால், அடுத்த போகத்தில் அதையே பத்துப் பேர் சொல்வார்கள். கையில் பணமில்லாதவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கட்டும். கெடு தவறாமல் கட்டினால் அதற்கு வட்டியில்லை. நாற்றங்காலில் விதை விடும்போதே யாருக்கு எத்தனை மூட்டை என்று நோட்டில் எழுதிப் பணத்தையும் வசூலித்துவிட வேண்டும். பணம் கொடுக்காதவர் பேரில் மூட்டை சொல்லக்கூடாது, அவர் குழுத் தலைவரின் மைத்துனராக இருந்தாலும்.