இ-நாம் கொப்பரை ஏலம்: செல்போனில் விலை வந்தாலும் ஈரப்பதம்தான் பேசும்

பொள்ளாச்சி, ஆனைமலை, பெருந்துறை பக்கம் தேங்காய் உடைத்து உலர்த்தும் விவசாயிகளுக்கு இது பழகிய காட்சி. களத்துக்கு வரும் வியாபாரி ஒரு பருப்பை ஒடித்துப் பார்த்து ஒரு விலை சொல்வார். பெரும்பாலும் அதுதான் விலை.

2016 ஏப்ரல் 14-ல் தொடங்கிய தேசிய வேளாண் சந்தை, அதாவது இ-நாம், இதை மாற்றப் பார்க்கிறது. இதில் சேர்ந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் உங்கள் சரக்குக்கு லாட் எண் தருவார்கள். மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். வியாபாரிகள் கணினியிலோ செல்போனிலோ விலை கேட்பார்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

சிக்கல் எங்கே என்றால், காங்கேயத்து மில்காரர் நேரில் வந்து பார்த்து வாங்கிவிடலாம். வெளிமாநில வியாபாரிக்கு அந்தத் தர அறிக்கைதான் கண். அதை அவர் நம்பாவிட்டால், திரை எவ்வளவு புதிதானாலும் ஏலத்தில் நிற்பது அதே உள்ளூர் நாலு பேர்தான். ஆகவே மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அரவைக் கொப்பரைக்கு ஆதரவு விலைக் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 6 சதவீதம். உங்கள் கொப்பரை 10 சதவீதத்தில் இருந்தால், 100 கிலோவில் 4 கிலோவுக்கு மேல் கூடுதல் தண்ணீர். கிலோ 120 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 500 ரூபாய்க்கு மேல். வியாபாரி இந்தக் கணக்கைப் போட்டுத்தான் விலை கேட்பார்; பூஞ்சணம் இருந்தால் இன்னும் குறைப்பார். இன்னும் இரண்டு நாள் காய விடுவதா என்பதை இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நல்ல பருப்பையும் சுருங்கிய பருப்பையும் ஒரே லாட்டில் கலக்காதீர்கள்.

2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த ஆண்டு சந்தை அதைத் தாண்டி வெகு மேலே போனது. அவசரப் பணத்துக்காக முன்பே விற்றவர்களுக்கு அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. கிடங்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கிடங்கில் சரக்கை வைத்தால் மின்னணு ரசீது தருவார்கள். அதன்மேல் வங்கியில் கடன் கேட்கலாம். வாடகை, வட்டி, எடைக் குறைவு மூன்றையும் கழித்துப் பாருங்கள். கொப்பரை மஞ்சளைப் போல நீண்ட நாள் தாங்காது.

ஏல விலை பிடிக்கவில்லையென்றால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவுக்குப் போகும்போது ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் எடுத்துப் போங்கள். எடைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.