18 ரூபாய் மிச்சம்

"வீட்டிலேயே செஞ்சா எவ்வளவு மிச்சம் தெரியுமா?" இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டால் மிச்சம் என்று எந்த ஆணிடமும் யாரும் சொல்வதில்லை. டீயை வீட்டில் குடித்தால் மிச்சம் என்றும் சொல்வதில்லை. மிச்சம் பிடிக்கும் வேலை பெண்ணுடையது. மிச்சமான பணம் வீட்டுடையது. இந்த ஏற்பாட்டுக்குச் சிக்கனம் என்று அழகான பெயர் வேறு.

இனிப்பு ரொட்டியை வைத்து இதைப் பேசுகிறேன். குழம்பையோ முறுக்கையோ எடுத்தால் உடனே அம்மாவின் கைப்பக்குவம், பாட்டியின் அம்மிக்கல் என்று கண் கலங்கத் தொடங்கிவிடுவோம். கணக்குப் பேச முடியாது. ரொட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் ஊரில் அதற்கு மாமியார் கிடையாது. திருத்தணியில் என் சிறுவயதில் பிரெட் என்பது காய்ச்சல்காரர்களின் உணவு. பன் டீக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும். அதை டீயில் நனைத்துத் தின்றபடி அரசியல் பேசுகிறவர்கள் ஆண்கள். (இன்றும் அந்தக் கடை வாசலில் ஒரு பெண் தனியாக நின்று பன் தின்றால் நகரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நின்று தின்றிருக்கிறேன்.) ஈழத்தில் பன் பணிஸ் ஆகிறது, பிரெட், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்லால் பாண். எந்தப் பெயரில் வந்தாலும் நமக்கு அது பெரும்பாலும் கடைப் பண்டம்தான். 2020 பொதுமுடக்கத்தில்தான் அது பல வீடுகளுக்குள் ஒரு வேலையாக நுழைந்தது, "ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், செலவே இல்லை" என்று கூவும் காணொளிகளோடு.

செய்முறை எளிது. நானும் செய்கிறேன். 250 கிராம் மைதா. பாதி கோதுமை மாவு போட்டாலும் வரும், கொஞ்சம் கனக்கும். 60 கிராம் வெல்லத்தை 140 மில்லி வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். சூடு அதிகமானால் ஈஸ்ட் செத்துவிடும். ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து மூடி வைத்தால் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் முக்கால் மணியில் இரட்டிப்பாக உப்பிவிடும். மார்கழியில் ஒன்றரை மணி நேரம் கேட்கும். காற்றை அமுக்கி வெளியேற்றி, எண்ணெய் தடவிய டப்பாவில் வைத்து இன்னும் அரைமணி. பழைய கனத்த அலுமினியக் குண்டானில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, டப்பாவை உள்ளே இறக்கி, சிறு தீயில் நாற்பது நிமிடம். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும். குண்டானுக்கு மேல்தீ கிடையாதே.

மாவு, வெல்லம், ஈஸ்ட், எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து எனக்கு 32 ரூபாய் ஆனது. ஏறக்குறைய அதே அளவு ரொட்டி எங்கள் தெரு பேக்கரியில் 50 ரூபாய். மிச்சம் 18. எல்லோரும் இங்கே கணக்கு நோட்டை மூடிவிடுகிறார்கள். எனக்கு இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. அளப்பது, பிசைவது, உருட்டுவது, நடுநடுவே தீயைப் பார்ப்பது, கடைசியில் ஒட்டிய பாத்திரத்தைத் தேய்ப்பது என்று கை ஓடிய நேரம் மட்டும் முக்கால் மணி. நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. முக்கால் மணிக்கு 31 ரூபாய் 50 காசு. ஆக ரொட்டியின் விலை 63 ரூபாய் 50 காசு. கடையைவிட 13 ரூபாய் 50 காசு அதிகம். மிச்சம் என்று கொண்டாடிய அந்த 18 ரூபாய், ஒருத்திக்குக் கொடுக்காமல் விட்ட கூலியிலிருந்து வந்தது.

அன்பாகச் செய்வதற்குக் கூலி கேட்பார்களா என்பார்கள். குறுந்தொகையின் 167ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன், கூடலூர் கிழாருடையது. புது மனைவி கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலைக் கழுவாமலே ஆடையைச் சரிசெய்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. நல்ல கவிதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லறத்தின் சிறப்பு என்று நோட்ஸில் எழுதியிருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அவ சாப்பிட்டாளா மிஸ்?" என்று கேட்டாள். பாட்டில் அது இல்லை.

அப்படிக் கேட்டவள் பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நெசவு வீட்டுப் பெண். அவளுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. தறியில் உட்காருகிறவர் பெயரில் கூலி வரும். தார் சுற்றித் தருவதும் அறுந்த இழையை முடிவதும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். தார் இல்லாமல் தறி ஒரு விரற்கடை நகராது. ஆனால் கூலிச் சீட்டில் தார் சுற்றியவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நாட்டுக் கணக்கும் இப்படித்தான் ஓடுகிறது. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்வோரில் ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 2019இல் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024இல் பெண் 289, ஆண் 88. ஐந்து வருடத்தில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, நல்லது. அவர்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள்! ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பெண்கள் வீட்டிலும் வெளியிலும் ஒரு நாள் முழுக்க வேலையை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய அப்பாக்கள் கடைக்கு ஓடி, சமைக்கச் சுலபமான சாசேஜ்களை வாங்கித் தீர்த்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். சமையலின் விலை அன்றைக்கு அவர்களுக்குக் கடைச் சீட்டில் தெரிந்திருக்கும்.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, அதை உதவித்தொகை என்று அழைக்காமல் உரிமை என்று அழைத்தது எனக்குப் பிடித்திருந்தது. மாதம் 1000 என்றால் நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். மேலே போட்ட கணக்கில் ஒரு ரொட்டிக்கான கூலி. அதைத்தான் டீக்கடையில் பன் தின்றபடி "ஓசிக் காசு" என்கிறார்கள்.

கடையிலேயே வாங்குங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மாவு உப்பும் நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை; ஒரு புத்தகத்தில் நாற்பது பக்கம் போகும். எனக்கு அது பிடிக்கும், அதனால் செய்கிறேன். பிடிக்காதவள் ஏன் செய்ய வேண்டும்? மிச்சம் வேண்டும் என்பவர் பிசையட்டும்.

என் பழைய மாணவி ஒருத்தி, முதுகலை முடித்தவள், வீட்டில் வெல்ல ரொட்டி செய்து விற்கிறாள். விலை 50 வைத்திருந்தாள். எங்கள் ஆசிரியர் அறையில் பேரம் நடக்கும். "வீட்லதானம்மா செய்யறே, கடை வாடகையா, ஆளுக்குச் சம்பளமா? நாப்பதுக்குக் குடு." மார்ச் 8 அன்று மேடையில் பேசியவர்களின் குரல்தான் இது. 'வீட்லதானே' என்ற ஒரு சொல்லில் அவளுடைய பத்து ரூபாய் போய்விடுகிறது. தறிக்கூலியில் தார் காணாமல் போவதும் அதே சொல்லால்தான்.

ரொட்டியோடு ஒரு சீட்டும் வை என்றேன். மாவு, வெல்லம், ஈஸ்ட், எண்ணெய், எரிவாயு, கூலி என்று பிரித்து எழுது.

"கூலின்னு போட்டா வாங்க மாட்டாங்க மிஸ். லாபம்னு போடட்டுமா?"

"லாபம் வேற. கூலி போக மிஞ்சுறதுதான் லாபம்."

பொங்கலுக்குப் பிறகு விலையை 75 ஆக்கினாள், சீட்டும் வைத்தாள். "கூலின்னு போட்டிருக்கியே, யாருக்கும்மா?" என்று ஒரு மேடம் கேட்டார். "எனக்குத்தான் மேடம்" என்றாள். இரண்டு பேர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் 75 கொடுத்து வாங்குகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் செய்கிறாள். முதல் நாள் மாலையே சொல்லிவிட வேண்டும்.